குற்றால சீசன்ல பூ மேல உட்காரும் மீசைக்காரன்!

ஜூலை, ஆகஸ்ட்ல தென்காசிப் பக்கம் போறவங்க சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துல ஒரு ரீல்ஸ் எடுக்காம திரும்பறதில்லை. 'ரோஜா'வும் 'அந்நியன்' பாறையும் பிரபலமாக்கின ஊராச்சே! அடுத்த தடவை கேமராவைப் பூவுக்குள்ள கொஞ்சம் ஜூம் பண்ணுங்க.

முதல்ல ஒரு எச்சரிக்கை. கறுப்பு, ஆரஞ்சுப் பட்டை போட்ட தடித்த வண்டு தெரிஞ்சா தொடாதீங்க. அது கொப்புள வண்டு. அதிலிருந்து கசியும் கேந்தரிடின் பட்டா, தோல்ல கொப்புளம் நிச்சயம்.

நாம தேடறது வேற ஆள்: பூவுக்கு வரும் நீள்கொம்பு வண்டு. ஒல்லி உடம்பு, பின்பக்கம் குறுகும் இறக்கை, மீசை மாதிரி நீளமான உணர்கொம்பு. சிலது குளவி போல மஞ்சள், கறுப்பு வேஷம் போடும். சும்மா மிரட்டல்தான், கொட்டாது. பிடிச்சா கழுத்துப் பகுதியை உரசி 'கீச் கீச்'னு கத்தும்.

ஆனா, வயல்ல தேனீக்கள்தான் அதிகம் கண்ணுல படும். இந்த வண்டைப் பார்க்கணும்னா குற்றால மலையடிவாரத்துல, வெள்ளைப் பூக்கள் கொத்தா பூக்கிற புதர்களைப் பாருங்க. காரணம், இதோட பிறந்த வீடு மட்கிய மரம். தாய் வண்டு பட்டை இடுக்குல முட்டையிடும். புழு, பூஞ்சை பிடிச்ச மரத்தைத் தின்னு வளரும். மரத்துல சத்து குறைவு என்பதால வளர்ச்சி ரொம்ப மெதுவு. பல இனங்களுக்கு இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகும். வண்டானதும் வாழ்றது சில வாரங்கள்தான். மகரந்தமும் தேனும் சாப்பிட்டு, ஜோடி சேர்ந்து, மறுபடி மட்கிய மரத்தைத் தேடிப் போகும். (மூணு வருஷம் படிச்சு மூணு வாரம் வேலை பார்க்கிற மாதிரி!)

மாமரத்தைக் குடையும் தண்டு துளைப்பானும் இதே குடும்பம்தான். அதனால எல்லாத்தையும் எதிரியா பார்க்கிறாங்க. 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கிற குடும்பம் இது. பூவுக்கு வர்றதுல பெரும்பாலானவை செத்த மரத்தோட சரி.

விழுந்த மரத்தை 'குப்பை'ன்னு எரிச்சா, அடுத்த சில வருஷத்து வண்டுகளும் சேர்ந்தே போயிடும். ஐரோப்பாவுல ரோசாலியா என்ற நீலநிற நீள்கொம்பு வண்டு, அடுக்கி வெச்ச பீச் மரக்கட்டைகள்ல முட்டையிடும். லாரி வந்து ஏத்திட்டுப் போனா புழுக்களும் காலி. 1992-ல் வந்த ஐரோப்பிய வாழிடச் சட்டம் இப்போ அதைப் பாதுகாக்குது.

இனம் கண்டுபிடிக்க ஆசையா? சி.ஜே.கஹான் 1906-ல் இந்திய நீள்கொம்பு வண்டுகளைப் பற்றி எழுதின தடிமனான புத்தகம் இணையத்துல இலவசமா கிடைக்குது. படிக்கப் பொறுமை இல்லைன்னா, ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போட்டோ போடுங்க. மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. உணர்கொம்பு முழுசா தெரியணும்.