பலெர்மோவில் மண்ணீரல், காலடிப்பேட்டையில் சுவரொட்டி

கல்லூரியில் கூடப் படித்த தோழி ஒருத்தி விடுமுறைக்கு இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ஒரு பன்னின் படத்தை அனுப்பி, ‘இந்த ஊரோட பாரம்பரிய உணவு, செம டேஸ்ட்’ என்று எழுதியிருந்தாள். உள்ளே என்ன கறி என்று கேட்டேன். கன்றுக்குட்டியின் மண்ணீரலும் நுரையீரலும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணீரலைத்தான் எங்கள் காலடிப்பேட்டைக் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோம். நான் டிபன் பாக்ஸில் போட்டி வறுவல் கொண்டுபோன நாட்களில் இதே தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். அவள்மேல் இப்போது கோபமில்லை. ஆனால் அவள் பெஞ்சு மாறியதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பலெர்மோவில் அந்தப் பன்னுக்குப் ‘பானி கா மெவுசா’ என்று பெயர். நல்ல கறி வசதியானவர் வீட்டுக்குப் போனது. குடல், மண்ணீரல், தலை, கால் எல்லாம் ஏழைக்கு மிஞ்சியது. நேப்பிள்ஸ் நகரத்து பீட்சாவும் கூலிக்காரர்கள் தெருவில் வாங்கித் தின்ற சாப்பாடுதான். 2017இல் அந்த ஊரின் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த மரியாதை தானாக வந்துவிடவில்லை. 1950, 60களில் வேலை தேடி வடக்கே டுரின் நகரத்துக்குப் போன தெற்கத்தியரை ‘தெர்ரோனி’ என்று ஏசினார்கள். ‘தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை’ என்று போர்டு வைத்தார்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நமக்கு இது புதிதா என்ன?

நம் ஊரில் வெளியே போய்ச் சாப்பிடுவதற்கே போராட வேண்டியிருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்தது 1941இல்தான் ஒழிந்தது. ஓட்டல் போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியலைத் தொடங்கினார். நம் மக்களுக்கோ போர்டு வரைக்கும் போகவே வழியில்லை. டீக்கடையில் தனி டம்ளர்தான். உணவகத்தில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொன்னது. அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொன்னது. தனி டம்ளர் இன்னும் முழுசாக ஒழியவில்லை என்பது வேறு கதை.

சட்டம் நமக்கு உட்கார இடம் கேட்டது. தட்டில் என்ன இருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் இதே கதை. கேள்வி எழுந்த பிறகுதான் மாட்டுக்கறி பிரியாணிக்குக் கடை கிடைத்தது.

சிசிலிக்காரரின் மண்ணீரல் பாரம்பரியம் ஆனது. நம்முடையது ஏன் ஆகவில்லை? 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதார்’ நூலில் அண்ணல் அம்பேத்கர், மாட்டிறைச்சி உண்பதோடு தீண்டாமையின் பிறப்பைச் சேர்த்துப் பேசுகிறார். சிசிலியில் அந்தச் சாப்பாட்டின் மேல் இருந்தது ஏழ்மையின் முத்திரை. காசு வந்ததும் அது அழிந்துவிடும். இங்கே இருப்பது சாதியின் முத்திரை. காசு வந்த பிறகும் அதற்குப் பயந்து நம்மில் பலர் சமைப்பதை மறைக்கிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம்.

தம்பி, தங்கைகளே, பாட்டியிடம் உட்கார்ந்து அவர் சமைத்த கறிகளின் பெயரையும் பக்குவத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் கல்லூரி உணவு விழாவில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். விடுபட்டதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆம்பூரிலும் தீவுத்திடலிலும் கேட்டதால்தான் பேச்சு வந்தது.

தோழி அடுத்த மாதம் சென்னை வருகிறாள். எங்கள் வீட்டில் சுவரொட்டி வறுவல் சாப்பிட வா என்று கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறாள்.