போன்ல நெட் வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரலையா? ரீசெட் பட்டனைத் தொடும் முன் இதைப் பாருங்க!

இரவு ஒன்பதே முக்கால். மகாராஜபுரத்திலிருந்து சித்தி மகன் போன் பண்றான். "அண்ணே, வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு இருந்தேன். முக்கால்வாசி முடிச்சிட்டேன், திடீர்னு நெட் போயிருச்சு. பன்னெண்டு மணியோட கடைசி தேதி முடியுது. ரௌட்டர் பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல குண்டூசி விட்டு ரீசெட் பண்ணிறவா?"

"டேய், அதை மட்டும் தொடாத!"

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து வத்திராயிருப்பு தாண்டி சதுரகிரி மலைக்குப் போனவங்களுக்கு மகாராஜபுரம் தெரிஞ்சிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பகலா இருந்தா வத்திராயிருப்புல ஏதாவது பிரவுசிங் சென்டர் தேடி ஓடலாம். ராத்திரி பத்து மணிக்கு எங்கே போறது? இருக்குற கம்ப்யூட்டர்லயே சரி பண்ணியாகணும்.

முதல்ல அந்தக் குண்டூசி சமாசாரம். ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது ரீஸ்டார்ட். அதுல ஒண்ணும் போகாது. ஓட்டைக்குள்ள குத்தி அழுத்திப் பிடிச்சா அது ஃபேக்டரி ரீசெட். வைஃபை பாஸ்வேர்டு மட்டுமில்ல, கனெக்‌ஷன் கொடுத்தவங்க உள்ளே போட்டு வெச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு, மத்த செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சு போக வாய்ப்பு அதிகம். அப்புறம் அவங்க ஆள் வந்து மறுபடி போட்டாதான் நெட். நடுராத்திரியில யார் வருவா?

கோளாறு வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?

நெட் வரலைன்னா கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த இடத்துல அறுந்திருக்கு என்பதுதான். கம்ப்யூட்டர், வயர், ரௌட்டர், தெருவுல வர்ற ஃபைபர், அதுக்கு அப்பால இன்டர்நெட். இந்த வரிசையில ஏதோ ஒரு இடத்துலதான் சிக்கல் இருக்கும்.

ஃபைபர் பாக்ஸ்ல இருக்கும் லைட்டைப் பாருங்க. எல்.ஓ.எஸ் என்று எழுதியிருக்கும் லைட் சிவப்பா மின்னினா, வெளியிலிருந்து வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். கம்பத்துல போற கேபிள் மேல மரக்கிளை விழுந்து அறுந்திருக்கலாம், வீட்டுக்குள்ளயே மெல்லிய வயர் மடங்கி ஒடிஞ்சிருக்கலாம். அந்த நேரத்துல கம்ப்யூட்டர்ல எதை மாத்தினாலும் பிரயோஜனமில்லை. கம்ப்ளெய்ன்ட் போட்டுட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போயிடுங்க.

லைட்டெல்லாம் பச்சையா? அப்போ போனை எடுத்து, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வைஃபைல ஒரு வெப்சைட்டைத் திறந்து பாருங்க. டேட்டாவை ஆஃப் பண்றது ரொம்ப முக்கியம். வைஃபைல நெட் இல்லைன்னா பல போன்கள் சத்தமில்லாம டேட்டாவுக்குத் தாவிடும். நாம "போன்ல வருதே"ன்னு ஏமாந்துடுவோம். தம்பி போன்ல டேட்டா இல்லாமலே திறந்தது. ஆக, ரௌட்டர் வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

அடுத்து வயர். சிபியூ பின்னாடி லேன் வயர் செருகுற இடத்துல சின்ன லைட் எரியும். எரியலைன்னா வயரைக் கழற்றி, 'டிக்'னு சத்தம் வர்ற மாதிரி திரும்பச் செருகுங்க. பழைய வயர்ல அந்த பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சிருக்கும். பார்க்க செருகின மாதிரியே இருக்கும், ஆனா லூஸா இருக்கும். ரௌட்டர்ல வேற துளையில மாத்திப் பாருங்க, வேற வயர் போட்டுப் பாருங்க. அப்பவும் எரியலையா? போர்ட்டே போயிருக்கலாம். இடி மின்னல் சீசன்ல இது நடக்கும். ஃபைபர்ங்கிறது கண்ணாடி, அதுல மின்சாரம் பாயாது. ஆனா கரன்ட் லைன் வழியா ரௌட்டருக்கு வந்து, அங்கிருந்து லேன் வயர்ல இறங்கிடும். இதுக்காக மதர்போர்டை மாத்த வேண்டாம். யூஎஸ்பியில செருகுற லேன் அடாப்டர் கடையில கிடைக்குது.

அந்த 169

தம்பி வீட்ல லைட் எரிஞ்சது. அப்போ கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுட வேண்டியதுதான். ஸ்டார்ட்ல போய் 'சிஎம்டி'ன்னு தேடினா கறுப்பு விண்டோ ஒண்ணு வரும். அதுல 'ஐபிகான்ஃபிக்'னு டைப் பண்ணி என்டர் தட்டணும். போன்லயே ஒவ்வொரு எழுத்தா சொன்னேன்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. இடைவெளி கிடையாது.

"அண்ணே, 169.254-னு ஏதோ வருது."

இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க. வீட்டு ரௌட்டர்ல சேர்ந்த கருவிக்கு பெரும்பாலும் 192.168-ல ஆரம்பிக்கிற முகவரி இருக்கும். அதைக் கொடுக்கறது ரௌட்டர். ரேஷன் கடையில டோக்கன் கொடுக்கற ஆள் வரலைன்னா, நாமளே ஒரு சீட்டுல நம்பர் எழுதிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? 169.254 அந்த மாதிரி விண்டோஸ் தானா எழுதிக்கிட்ட சீட்டு. அதை வெச்சு வெளியில எங்கேயும் போக முடியாது.

ரௌட்டர் நல்லா இருக்கும்போது ஏன் டோக்கன் கிடைக்கல? செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் வரிசையில போகச் சொன்னேன். ஐபி அசைன்மென்ட்ங்கிற இடத்துல 'மேனுவல்'னு இருந்தது. அது ஏதோ ஒரு ஆபீஸ் ஓட்டி முடிச்ச செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். அங்கே யாரோ 192.168.1.5-னு நிரந்தரமா ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. இவ்வளவு நாள் அதுவும் ஓடிட்டுதான் இருந்தது. அன்னிக்குக் கரன்ட் போய் வந்திருக்கு. யூபிஎஸ்ல இருந்த கம்ப்யூட்டர் அணையல, ரௌட்டர் அணைஞ்சு எழுந்திருக்கு. எழுந்ததும் அதே நம்பரை தங்கச்சி போனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கு. ஒரே டோக்கனோட ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளியேதான்.

எடிட் தட்டி 'ஆட்டோமேட்டிக்'னு மாத்தி சேவ் பண்ணினான். பத்து செகண்ட். வேற நம்பர் வந்தது, நெட்டும் வந்தது. மணி 10.20. பழைய கம்ப்யூட்டர் வாங்கினவங்க இதோட சேர்த்து 'பிராக்ஸி' பக்கத்தையும் ஒருமுறை பாருங்க. ஆபீஸ் பிராக்ஸி ஆன்ல இருந்தாலும் பிரவுசர் திறக்காது. மேனுவல் பிராக்ஸியை ஆஃப் பண்ணிடுங்க.

முகவரி சரி, ஆனா வெப்சைட் திறக்கலையா?

அதே கறுப்பு விண்டோவில் 'பிங்'னு (பி, ஐ, என், ஜி) அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 அடிங்க. பதில் வந்தா இன்டர்நெட் வருது. அதுக்குப் பதில் வந்தும் வெப்சைட் பெயர் போட்டா திறக்கலைன்னா, டி.என்.எஸ் மேல சந்தேகப்படலாம். வெப்சைட் பெயரை நம்பராக மாத்திக் கொடுக்கற ஏற்பாடு அது, 1983-லிருந்து இருக்கு. போன்ல கான்டாக்ட்ஸ் அழிஞ்சா எப்படியோ அப்படி: லைன் இருக்கும், யார் நம்பரும் தெரியாது. விண்டோஸ் 11-ல் ஈதர்நெட் பக்கத்துலயே டி.என்.எஸ்ஸுக்கும் எடிட் இருக்கு. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, இதுல ஏதாவது ஒண்ணைப் போடலாம்.

இன்னொண்ணு, யாரும் கவனிக்காதது: தேதி. பழைய கம்ப்யூட்டர்ல மதர்போர்டு பேட்டரி தீர்ந்துட்டா, கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்கும். பாதுகாப்பான வெப்சைட்டெல்லாம் 'கனெக்‌ஷன் நம்பகமானதல்ல'ங்கற மாதிரி எச்சரிக்கை காட்டும். தேதியைத் திருத்தினா போதும். அடிக்கடி இப்படி ஆனா, பேட்டரியை மாத்திடுங்க. பெரும்பாலான போர்டுகள்ல சி.ஆர். 2032-ங்கற காசு வடிவ பேட்டரிதான் இருக்கும். கையோட பழசைக் கழற்றிட்டுப் போய்க் காட்டி வாங்கறது நல்லது.

விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்'னு ஒரு பட்டன் இருக்கு. குண்டூசி அளவுக்கு ஆபத்தில்லை, ஆனா சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டு, விபிஎன் எல்லாம் போயிடும். எல்லாம் பார்த்து முடிச்ச பிறகு அதுக்கு வாங்க.

எதுவுமே நடக்கலைன்னா

டெஸ்க்டாப்ல வைஃபை இல்லைன்னா ஹாட்ஸ்பாட் வீண்னு நினைக்காதீங்க. சார்ஜ் வயர்ல போனை சிபியூவோட இணைச்சு, போன் செட்டிங்ஸ்ல 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணுங்க. சில சார்ஜ் வயர்ல டேட்டா போகாது, அதனால போனோட வந்த வயரா பாருங்க. கம்ப்யூட்டர் அதை லேன் கனெக்‌ஷன் மாதிரியே எடுத்துக்கும். உடனே அந்த கனெக்‌ஷனை 'மீட்டர்ட்'னு மாத்திடுங்க. இல்லைன்னா ஃபார்ம் சமர்ப்பிக்கறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் உங்க அன்னிக்கு டேட்டாவைச் சாப்பிட்டு முடிச்சிடும்.

மலையடிவாரக்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆடி அமாவாசை அன்னிக்கு இந்த வழியை நம்பாதீங்க. சதுரகிரிக்கு வர்ற கூட்டத்துல டவர் திணறிடும்.