பல்லாவரம் கல்லும் நிலா வீடும்

சேலையூரில் இருக்கிற அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினத்துக்கு ஸ்கூலில் ஏதாவது மாடல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "மாமா, நிலாவுல மனுஷங்க தங்குற வீடு செய்யப் போறேன்"னு வந்து நின்றான். கையில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பந்து, தெர்மாகோல், ஃபெவிகால். பந்துதான் கண்ணாடிக் கூரை. உள்ளே சோபா, டிவி, ஒரு துளசி மாடம்கூட இருந்தது. அழகாத்தான் இருந்தது.

"இதுல ஒருத்தரும் உயிரோட இருக்க முடியாதேடா"ன்னு சொல்லித் தொலைத்தேன். பையன் முகம் சுருங்கிப் போச்சு. அக்கா என்னை முறைத்தாள். சொன்னதுக்குப் பரிகாரமா ரெண்டு ஞாயித்துக்கிழமை அவனோடு உட்கார்ந்து, இந்த வீட்டை எந்தெந்தக் காலத்தில் யார் யார் எப்படி யோசிச்சாங்கன்னு தேடினோம். அந்தக் கதைதான் இது. சுத்திச் சுத்தி நம்ம ஊர்ப்பக்கமே வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் ஆச்சரியம், உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் ஆரம்பத்திலிருந்தே கண்ணாடிக் கூரையை நம்பவில்லை. 1959இல், அதாவது மனுஷன் விண்வெளிக்கே போகாத காலத்தில், அமெரிக்க ராணுவம் 'புராஜெக்ட் ஹொரைசன்' என்று ஒரு திட்ட அறிக்கை தயாரித்தது. ராக்கெட் நிபுணர் வெர்னர் ஃபான் பிரவுன் இருந்த இடத்தில் உருவானது. 1966 முடிவதற்குள் 12 பேரை நிலாவில் தங்க வைக்கணும். வீடு என்று அவர்கள் வரைந்தது 10 அடி விட்டம், 20 அடி நீளமுள்ள உலோக உருளைகள். பள்ளம் தோண்டி, அதில் இறக்கி, மேலே நிலா மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. நம்ம ஊரில் தண்ணீர் லாரியின் டேங்கரைக் கழற்றிப் புதைத்தால் எப்படி இருக்கும், அதுதான் வீடு. திட்டம் காகிதத்தோடு நின்று போனது.

ரஷ்யர்களும் சும்மா இல்லை. பைக்கனூர் ஏவுதளத்தை வடிவமைத்த விளாதிமிர் பார்மின், 1960களில் நீண்டகால நிலாத் தளம் ஒன்றைத் திட்டமிட்டார். 'பார்மின்கிராட்' என்று செல்லப்பெயர். அங்கேயும் அதே கதை: உருளை அறைகளைக் கோர்த்து, மேலே மண்ணைப் போட்டு மூடுவது. சோவியத் நிலாத் திட்டத்தோடு சேர்ந்து 1970களில் அதுவும் கைவிடப்பட்டது. ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த ரெண்டு நாடும் ஒரே பள்ளத்தைத் தோண்டியிருக்கிறார்கள் :-)

ஏன் புதைக்கணும்? பையன் கேட்டதும் அதுதான். மூணு காரணம் இருக்கிறது. கதிர்வீச்சு, காற்று, சூடு.

நிலாவுக்குப் பூமி மாதிரி காற்றுப்போர்வையும் இல்லை, காந்தப்புலமும் இல்லை. 2019இல் அங்கே இறங்கிய சீனாவின் சாங்'இ 4 அளந்து சொன்னது, நிலாத் தரையில் கதிர்வீச்சு சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பதைப்போல 2.6 மடங்கு. அப்போலோ ஆட்கள் போன வண்டியின் சுவர் சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஆனால் அதிகபட்சம் தங்கியதே அப்போலோ 17காரர்கள், சுமார் 75 மணி நேரம். மூணு நாள் லாட்ஜுக்கும் குடும்பம் நடத்துற வீட்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? மாசக்கணக்கில் தங்கணும்னா தலைக்கு மேல் ரெண்டு மூணு மீட்டராவது மண் வேணும் என்கிறார்கள். அதில் விண்கல் தூசிக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

அடுத்தது காற்று. இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் கூரை கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து தூண் போடுகிறோம். நிலாவில் கூரை மேலே பறந்துவிடும்! வெளியே வெற்றிடம், உள்ளே நாம் மூச்சுவிடுகிற காற்று. பூமியில் இருக்கிற அழுத்தமே உள்ளேயும் இருந்தால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் வெளியே தள்ளும். பத்துக்குப் பத்து அடி அறையின் கூரையில் மட்டும் 90 டன்னுக்கு மேல். மண்ணின் எடையால் மட்டுமே இதை அமுக்கிப் பிடிக்கணும்னா, அங்கே எல்லாம் ஆறில் ஒரு பங்கு எடை என்பதால், கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டணும். அதனால்தான் சதுர அறை கிடையாது, உருளை. அடுப்படியில் கேஸ் சிலிண்டரைப் பாருங்கள், ரெண்டு முனையும் ஏன் உருண்டையா இருக்கு? அழுத்தம் ஒரே மூலையில் போய்ச் சேராமல் எல்லாப் பக்கமும் பரவணும். அதே சமாச்சாரம்தான்.

மூணாவது சூடு. தாம்பரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மே மாசம் ராத்திரி பதினோரு மணிக்கும் கூரை அனல் கக்கும். நிலாவில் பகல் நம் கணக்கில் சுமார் பதினாலு நாள், ராத்திரி பதினாலு நாள். அந்த மண் சூட்டை எவ்வளவு ஆழம் உள்ளே விடும் என்று தெரியாமல் வீடு கட்ட முடியாது.

இங்கேதான் நம்ம ஏரியா வருகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே டெக்னீஷியன் ஒருவரின் மகன். ஊரில் டிப்ளமோ முடித்துவிட்டு, இன்ஜினியரிங் படித்தது மேற்குத் தாம்பரம் சாய்ராம் கல்லூரியில். டாக்டர் பட்டம் கிண்டி பக்கத்தில் சென்னை ஐஐடியில். நாம் தினமும் முண்டியடித்து ஏறுகிற அந்த ரயில் பாதையிலேயே நிலாவுக்குப் போகிற வழியும் இருந்திருக்கிறது. அந்த விக்ரம் லேண்டரில் 'சேஸ்ட்' என்று ஒரு கருவி, பத்து சென்சார் வைத்த கம்பி. மண்ணுக்குள் செருகிப் பார்த்தார்கள். இறங்கிய நாலே நாளில் இஸ்ரோ வெளியிட்ட வரைபடத்தில், மேல்தரையில் 50 டிகிரிக்கு மேல், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. உள்ளங்கை அகல ஆழத்துக்குள் அறுபது டிகிரி வித்தியாசம்! பிறகு 2025இல் வந்த ஆய்வுக்கட்டுரையில், அந்த இடத்தில் பகல் உச்சம் 82 டிகிரி வரை போனதாகச் சொல்கிறார்கள்.

காரணம் எளிமையானது. நிலாத் தூள்களுக்கு நடுவே காற்று இல்லை. தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி. அப்போலோ 15, 17 ஆட்கள் இன்னும் ஆழமாகப் புதைத்த கருவிகளும் இதைத்தான் காட்டின. ஒரு மீட்டருக்குக் கீழே போனால் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, மைனஸ் 20ஐ ஒட்டி அப்படியே நிற்கும். ஆகப் புதைத்த வீட்டில் வெயில் பிரச்சினையே இல்லை. வேற பிரச்சினை வருது: உள்ளே இருக்கிற மனுஷன், மெஷின் எல்லாம் விடுகிற சூடு வெளியே போக வழி கிடையாது. அதைக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோய்த் தகட்டில் ஆற்றணும். "அப்ப நிலாவுலயும் ஏசி அவுட்டோர் யூனிட் வேணுமா மாமா?" என்றான். ஆமாண்டா!

சரி, மூடுவதற்கு மண்? பௌர்ணமியில் மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்தால் வெளுப்பாகத் தெரிகிற மேட்டுப்பகுதிகளில் பெரும்பாலும் அனார்த்தசைட் என்கிற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. ஏ.பி. சுப்பிரமணியம் என்ற புவியியலாளர் 1956இலேயே அதைப் பற்றி அமெரிக்க ஆய்விதழில் விரிவாக எழுதிவிட்டார். அப்போது ஸ்புட்னிக்கே கிடையாது. நிலாவிலும் இதே இனம் இருக்கு என்பது 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த துணுக்குகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சந்திரயான் 2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மாதிரி மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் கிலோ 150 டாலர். பார்த்தார்கள், சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறை இதில் உதவியது. சுமார் 50 டன் என்று பத்திரிகைகளில் வந்தது. 2020இல் இந்த மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. கடைசியில் சந்திரயான் 3இன் பிரக்யான் ரோவர் நிலா மண்ணை 23 இடத்தில் அளந்து, 2024இல் முடிவு வெளியானபோது, அங்கே இருந்ததும் அனார்த்தசைட் வகைதான். நாமக்கல் மண்ணில் ஒத்திகை பார்த்தது வீண் போகவில்லை.

அதே மண்ணில் செங்கல்? 2020இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து செய்து காட்டினார்கள். நிலா மாதிரி மண், யூரியா, ஒரு பாக்டீரியா, ஒட்டுவதற்குக் கொத்தவரைப் பிசின். ஆமாம், நம்ம கொத்தவரங்காய்தான்! யூரியாவுக்கு அங்கே கடைக்குப் போக வேண்டாம், தங்குகிறவர்களே தினமும் தருவார்கள் ;-) சென்னை ஐஐடியிலும் தண்ணீரே சேர்க்காத கான்கிரீட்டை முயன்று வருகிறார்கள். ஆனால் ஒன்று கவனிக்கணும். செங்கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளிருந்து தள்ளுகிற காற்றைப் பிடிக்க அதனால் ஆகாது. காற்றுக்கு உள்ளே ஒரு உருளை அல்லது கெட்டித் துணிப் பை, அதுக்கு மேலே போர்வையாகத்தான் செங்கல்.

இவ்வளவும் தோண்டி, அரைத்து, அடுக்குவதற்குப் பதில் இயற்கையே ஒரு கூரை கட்டி வைத்திருந்தால்? இருக்கிறது. பழைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைகள். 2009இல் ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படங்களில் அப்படி ஒரு குகைக்கான வாசல் மாதிரி ஆழமான குழியைக் கண்டார்கள். 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் நம் விஞ்ஞானிகள், 2008இல் கிளம்பிய சந்திரயான் 1 எடுத்த படங்களை வைத்து, கூரை இடியாத ஒரு குகையைச் சொன்னார்கள். நீளம் சுமார் 1.7 கிலோமீட்டர், அகலம் 360 மீட்டர், உயரம் 120 மீட்டர், கூரைப் பாறையே 40 மீட்டர் கனம். கட்டுரையின் தலைப்பிலேயே வருங்காலத்தில் மனிதர் வசிக்க ஏற்ற இடம் என்று போட்டிருந்தார்கள். நாம் மேலே பார்த்த காற்றின் தள்ளலை, அந்தக் கூரை கணக்குப்படி தன் எடையாலேயே தாங்கிவிடும். விரிசல் வழியாகக் காற்று கசியும் என்பதால் உள்ளே பை போன்ற அறை எப்படியும் வேண்டும்தான். வெயில், கதிர்வீச்சு, விண்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓசியில் ஒரு கூரை.

இதைப் படித்ததும் எனக்குப் பல்லாவரம் ஞாபகம் வந்தது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர், பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் சான்று அது. அதே வருஷம் வடக்கே அத்திரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமாகக் கிடைத்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குடியம் குகைகள். தோண்டிப் பார்த்ததில் அங்கேயும் கல்லாயுதங்கள். பாறைக்கூரையின் கீழே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, வாசலில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

புது இடத்துக்குப் போன மனுஷன் முதலில் தேடுவது அங்கே ஏற்கனவே இருக்கிற கூரையை. அப்புறம் அந்த ஊர்க் கல்லையே ஆயுதமாக்குகிறான். குடியத்தில் செய்ததைத்தான் நிலாவிலும் செய்யப் பார்க்கிறோம். என்ன, அவனுக்கு மூச்சுக்காற்று இலவசம்.

பையன் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டான். பிளம்பரிடம் மிச்சம் கிடந்த பிவிசி குழாயை வாங்கி, ரெண்டு முனையிலும் உருண்டை மூடி போட்டு, தட்டில் வைத்து, எம்சாண்டைக் குவித்து மூடினான். ஒரு பக்கம் மட்டும் வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி. வெளியே ஒரு கதவு, சூட்டை ஆற்ற ஒரு அலுமினியத் தகடு. துளசி மாடம் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்கா பார்த்துவிட்டு, "என்னடா இது, மண்குவியலைக் கொண்டுபோய்க் காட்டப் போறியா, மார்க் போடுவாங்களா?" என்று கவலைப்பட்டாள்.

மார்க் எப்படியோ போகட்டும். 2040இல் இந்தியர் ஒருவர் நிலாவில் கால் வைக்கணும் என்று 2023இல் இலக்கு அறிவித்திருக்கிறார்கள். அப்போது இவனுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. போகிறவன் இவனாகவே இருந்தாலும் இருக்கலாம். பார்க்க அழகாக இருக்கும் வீட்டை நம்பி அவனை நான் அனுப்ப மாட்டேன்.

பி.கு: பல்லாவரம் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை தரையைப் பார்த்து நடந்து பாருங்கள். இப்போது கான்கிரீட்டும் தாரும்தான் தெரியும். கீழே இருக்கிறது நம்ம பழைய வீட்டுச் சாமான்.