புனே பிலிம் ஆவணக் காப்பகமும் பெரியப்பாவின் சக்கர நாற்காலியும்

புனேவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரே தலைவலி. சனிவார் வாடா, சிங்ஹகட், அதுவும் அலுத்தால் லோனாவாலா. மூன்றாம் தடவை வரும் மாமனாரை எங்கே கூட்டிப்போவது? லா காலேஜ் ரோட்டில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை யாரும் சொல்வதில்லை. பேரைக் கேட்டாலே ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று தோன்றிவிடுகிறது போல.

ஆனால் நம் சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு அந்தக் காப்பகத்தைவிடப் பழையது. சென்னையில் மோட்டார் உதிரி பாகங்கள் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஆர். நடராஜ முதலியாருக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தபோது, கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டது இங்கே புனேயில்தான். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் அவருக்குக் கற்றுக் கொடுத்தார். திரும்பிப்போய் 1910களின் பிற்பாதியில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்று அதில் ஒரு அடி பிலிம்கூட இல்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்', நம் முதல் பேசும் படம், அதுவும் இல்லை. டி.பி. ராஜலக்ஷ்மி நடித்தார் என்று படிக்கலாம். பார்க்க முடியாது.

ஏன் இல்லை என்று கேட்டால் பதில் கொஞ்சம் வேதியியல், நிறைய அலட்சியம். 1950களின் தொடக்கம்வரை படங்கள் நைட்ரேட் பிலிமில்தான் வந்தன. அது எரிய ஆரம்பித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், ஏனென்றால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதன் பிறகு வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு எளிதில் எரியாது, ஆனால் சூடும் ஈரமும் பட்டால் சிதைந்து புளித்த காடி வாடை அடிக்கும். இதில் இன்னொரு விஷயம்: பாட்டும் வசனமும் தனியாக எங்கேயோ இருப்பதில்லை. அதே பிலிமின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒலி பதிந்திருக்கும். பிலிம் போனால் படமும் போச்சு, குரலும் போச்சு. இவ்வளவுக்கும் மேலே, பழைய பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க ரீல்களை எடைக்குப் போட்டவர்கள் ஏராளம்.

நான் பிழைப்பது வங்கியில் என்பதால் எனக்கு ஒரு ஒப்பீடு தோன்றும். ஒரு வவுச்சரை, ஒரு லெட்ஜரை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1985ஆம் வருஷத்து விதிகள் எங்களுக்கு இருக்கின்றன. சிலது ஐந்து வருஷம், சிலது எட்டு. புத்தகத்துக்கு 1954 சட்டம் இருக்கிறது. பதிப்பாளர் சென்னை கன்னிமாரா உள்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியே ஆக வேண்டும். சினிமா எடுத்தவர் ஒரு பிரதியைக் காப்பகத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று மட்டும் சட்டம் கிடையாது. பத்தாயிரம் ரூபாய் டி.டி.யின் கவுண்டர்ஃபாயிலுக்கு இருந்த மரியாதை 'காளிதாஸ்' படத்துக்கு இல்லை!

காப்பகம் 1964இல் தொடங்கியது. அடுத்த வருஷம் சேர்ந்தவர் பி.கே. நாயர். திருவனந்தபுரத்துக்காரர். சின்ன வயதில் சினிமா டிக்கெட் துண்டுகளைச் சேர்த்து வைத்தவர். சட்டம் இல்லாத இடத்தில் அவர் செய்தது வசூல்தான். கடன் வசூலுக்குப் போகிற எங்கள் ஆட்கள் மாதிரி வீடு வீடாக, குடோன் குடோனாக அலைந்தார். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) படத்தில் இன்று நாம் பார்க்கிற கொஞ்சநஞ்சமும் அப்படி வந்ததுதான். 1991இல் அவர் ஓய்வு பெறும்போது சுமார் 12,000 படங்கள் சேர்ந்திருந்தன. 2012இல் அவரைப் பற்றி 'செல்லுலாய்ட் மேன்' என்று ஓர் ஆவணப்படம் வந்தது. 2016இல் காலமானார்.

எனக்குப் பிடித்த கதை 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படம், 1933. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்தது. நாவலின் பதிப்பகத்தார் உரிமை தங்களுடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள், படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தார் கையில் தங்கிப் போனது. நாற்பது வருஷம் கழித்து, 1974இல், திருவனந்தபுரத்தில் அந்தப் புத்தகக் கடையிலிருந்து காப்பகம் அதை வாங்கி வந்தது. வழக்குப் போட்டு முடக்கினார்களே, அதனாலேயே பிழைத்தது! ஓடியிருந்தால் மற்ற படங்கள் மாதிரி தேய்ந்து போயிருக்கும்.

காப்பகத்துக்கும் அடி விழாமல் இல்லை. 2003 ஜனவரி 8இல் பக்கத்து பிலிம் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருந்த நைட்ரேட் கிடங்கில் தீப்பிடித்தது. பிரபாத் ஸ்டூடியோ காலத்துப் படங்கள் பல அதில் போயின. 2022இல் காப்பகத்தை என்.எஃப்.டி.சி.யோடு இணைத்தார்கள். எங்கள் துறையில் நடக்கும் இணைப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கவலைதான். கூடுதல் விவரம் தெரியாமல் பேசுவது அழகல்ல என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இப்போது பெரியப்பா விஷயம். கோவில்பட்டிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். வயது 83. பக்கவாதம் வந்து இடது பக்கம் சரியில்லை, சக்கர நாற்காலிதான். காதும் மந்தம். அவருடைய அம்மா, அதாவது எங்கள் பாட்டி, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த படம் 'தியாக பூமி'. கே. சுப்ரமணியம் 1939இல் எடுத்தது. ஆனந்த விகடனில் கல்கி தொடராக எழுத எழுதப் படமும் வளர்ந்தது. வெள்ளைக்காரன் தடை செய்தான். ஆயிரம் படம் ஓட்டிய பெரியப்பா அதை மட்டும் பார்த்ததில்லை. அதன் பிரதி இந்தப் புனே காப்பகத்தில்தான் இருக்கிறது. டிசம்பரில் வருகிறேன் என்கிறார். அடுத்த டிசம்பர் என்று தள்ளிப்போடும் வயதில்லை.

"கூட்டிட்டுப் போனாப் போச்சு" என்றாள் தங்கமணி. அவ்வளவு லேசில்லை. இது தியேட்டர் இல்லை, டிக்கெட் எடுத்து உள்ளே போக. எந்தப் படம், எதற்காக, எத்தனை பேர் என்று முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதிலேயே அவருடைய நிலைமையையும் விளக்கமாக எழுத முடிவு செய்தேன். "வயதானவர்" என்று மட்டும் எழுதினால் ஒரு நாற்காலி போட்டு வைப்பார்கள், வாசல் படியை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

எனவே கேள்விகளாகவே எழுதினேன். கார் நிற்கும் இடத்திலிருந்து படம் போடும் அறைவரை எத்தனை படி? (வளாகத்தில் ஜெயகர் பங்களா என்று பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது, எந்தக் கட்டடத்தில் காட்டுவார்கள் என்பதே முதல் கேள்வி.) சாய்தளம் உண்டா, அதன் சரிவு எவ்வளவு? 1:12 என்பது விதி. அதாவது ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். பல இடங்களில் "ராம்ப் இருக்கு சார்" என்பார்கள், போய்ப் பார்த்தால் ஸ்கூட்டர் ஏற்றுகிற பலகை மாதிரி நிற்கும். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா? நடுவில் கால் மணி நேரம் நிறுத்தி ஓட்டுவார்களா? சப்டைட்டில் இல்லாவிட்டால் ஹெட்போன் போட்டுக் கேட்க வழி உண்டா?

இதெல்லாம் தயவு கேட்பது இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கட்டடத்துக்குள் போவதும் சேர்த்தி, ஒலி ஒளி வழித் தகவல் அவர்களுக்குப் புரியும்படி இருப்பதும் சேர்த்தி. காது கேளாதவர்களுக்கும் பார்வையில்லாதவர்களுக்கும் தியேட்டரில் என்ன வசதி வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு நெறிமுறைகள் வெளியிட்டது. பழைய படங்களைக் காட்டும் இடத்துக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. பழைய படத்தைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காதும் முட்டியும் சரியாக இருக்காதே!

ரயிலுக்கு ஒரு தகவல். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. துணையில்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை இன்னும் உண்டு, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று போனில் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "எய்யா, படி கிடக்கட்டும், நாலு பேர் தூக்கினாப் போச்சு. அந்த ரீலை ஒருக்கா கையில தருவாங்களான்னு கேளு. ஓரத்தைத்தான் பிடிப்பேன், நடுவுல விரல் வைக்க மாட்டேன்னு சொல்லு."

நாலு பேர் தூக்குவதில் எனக்குச் சம்மதமில்லை, படிக் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ரீல் கேள்வியையும் சேர்த்துக் கடிதத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன்.