பச்சை மைக் கையெழுத்து

மார்க் ஷீட் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் தவம் கிடந்த அனுபவம் உண்டா உங்களுக்கு? பச்சை மையில் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஊரே நம்பும்.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். நீங்கள் ஜிமெயிலைத் திறந்தால், 'நிஜமான கூகுள் நான்தான்' என்று அந்தத் தளம் ஒரு சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள நிறுவனங்களின் பட்டியல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. பட்டியலில் இருக்கும் யார் வேண்டுமானாலும், எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். வில்லங்கமே அங்கேதான்!

ஹாலந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம். டச்சு அரசாங்கத்தின் தளங்களுக்கே சான்றிதழ் கொடுத்தவர்கள். 2011 ஜூனில் யாரோ அதன் கம்ப்யூட்டர்களுக்குள் சத்தமில்லாமல் புகுந்து, போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டல்ல, 531! ஜூலை 10-ல் கூகுள் பெயரிலும் ஒன்று.

ஜூலை 19-ல் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. என்ன செய்தார்கள்? கண்ணில் பட்ட போலிகளை ரத்து செய்துவிட்டு, கமுக்கமாக இருந்துவிட்டார்கள். கூகுள் சான்றிதழ் மட்டும் கண்ணில் படவே இல்லை.

அது ஈரானில் வேலை செய்தது. நடுவழியில் ஒருவர் உட்கார்ந்து, 'நான்தான் கூகுள்' என்று சொன்னால் பிரவுசர் நம்பியது. பூட்டுப் படம் பூட்டியபடியே இருந்தது. மாட்டியவை சுமார் 3 லட்சம் ஐ.பி. முகவரிகள் என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. அரசாங்கத்தைத் திட்டி ஒரு வரி எழுதினாலே சிறைக்குப் போகக்கூடிய தேசம் அது. யோசித்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஓர் ஈரானியரின் குரோம் பிரவுசர் முரண்டு பிடித்தது. காரணம், அதன் புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருந்த சில வரிகள்: 'கூகுள் தளமா? இன்னின்னார் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் நம்பு.' அவர் விஷயத்தை வெளியே சொல்ல, குட்டு உடைந்தது. செப்டம்பர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். டச்சு அமைச்சர் ஒருவர் நிருபர்களைக் கூட்டி, அரசாங்கத் தளங்களின் பாதுகாப்புக்கே உத்தரவாதம் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிரவுசர்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து தூக்கின. செப்டம்பர் 20-ல் நிறுவனம் திவால்!

திருட்டு எங்கேயும் நடக்கும். அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருந்தால் ஈரானில் பல பேர் தப்பித்திருப்பார்கள். இப்போது சான்றிதழ்களை யாரும் பார்க்கும்படி பொதுப் பதிவேடுகளில் ஏற்றுகிறார்கள். ஆனால், 'சான்றிதழ் எர்ரர் தொல்லையாக இருக்கிறதே' என்று அந்தச் சோதனையையே அணைத்துவிட்டு ஆப் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் புரோகிராமர் யாராவது இருந்தால், இந்தக் கதையைச் சொல்லிவையுங்கள்.