பட்லர் இங்கிலீஷும் பள்ளிக்கூட இலக்கணமும்

"பட்லர் இங்கிலீஷ்" என்பது நம் ஊரில் இன்றும் ஒரு வசவு. தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசுகிறவனைப் படித்தவர்கள் அப்படித்தான் கேலி செய்கிறார்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், குழந்தை வளர்த்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அவர்களுக்கு யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. துரை போட்ட அதட்டலைக் காதால் கேட்டுக் கற்ற மொழி அது.

அந்த மொழியிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. நடப்பதற்கும் நடக்கப்போவதற்கும் "ஐ டெல்லிங்", முடிந்துபோனதற்கு "ஐ டன் டெல்". ஹூகோ ஷூகார்ட் என்ற ஐரோப்பிய மொழியியலாளர் 1891லேயே இதை ஆராயத் தக்க மொழியாக எடுத்து எழுதினார். நம் ஊர்ப் பண்டிதர்களுக்குத்தான் அது சிரிப்புக்குரியதாக இருந்தது.

பண்டிதர் அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு பட்லர். தன் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் தன் துரை ஹாரிங்டனிடம் அவர் கொடுத்ததையும், அது எல்லிஸ் கைக்குப் போனதையும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். பட்லர் வீட்டில் குறள் இருந்தது. இல்லாமல் போனது பள்ளிக்கூடம்.

நீலகிரிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அயோத்திதாசர் வாழ்ந்து, 1870களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கியது இந்த மலையில்தான். இரட்டைமலை சீனிவாசன் கணக்கராக வேலை பார்த்ததும் இங்கேதான். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபை மாநாடும் நீலகிரியில் கூடியது. அங்கே கேட்டவற்றில் பள்ளியும் உதவித்தொகையும் முக்கியமானவை. 1893ல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894ல் ஆல்காட் சென்னையில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும்: எழுத்து, கணக்கு, வேலைக்குப் போதுமான கொஞ்சம் ஆங்கிலம். நம் தலைவர்கள் கேட்டது அதற்கு மேல்.

அதே காலத்தில் இந்த மலையில் யாருக்கு முழு ஆங்கிலம் கிடைத்தது? 1858ல் படைவீரர் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் பள்ளி. கேத்தியில் 1846லேயே பாசல் மிஷன் வந்து படகர்களிடையே பணி செய்தது. 1922ல் ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கான செயின்ட் ஜார்ஜ் ஹோம்ஸ் கொடைக்கானலிலிருந்து கேத்திக்கு இடம்பெயர்ந்தது. சுற்றிலும் தேயிலை பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இல்லை. 1964 சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டபோதும், லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது பக்கத்து அரசுப் பள்ளிதான்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பலகை மாறிவிட்டது. சொல்லித் தரும் முறை மாறியதா?

ஒரு பிள்ளை "தட் மை ஹவுஸ்" என்று எழுதுகிறது. "இஸ் எங்கே?" என்று தலையில் குட்டுகிறோம். "அது என் வீடு" என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. பிள்ளை தன் மொழியின் விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. தமிழுக்குத் தேவைப்படாத இடத்தில் ஆங்கிலம் ஒரு சொல்லைக் கேட்கிறது என்று காட்டினால் போதும்.

"ஹீ கம்" என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள் என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றத் தெரிந்த பிள்ளை அது. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் தேய்ந்து, அவன், அவள், அது என்பவற்றுக்கு மட்டும் "கம்ஸ்" என்று ஓர் எழுத்து மிச்சமிருக்கிறது. இதைத் தமிழில் சொன்னால் ஒன்றாம் வகுப்புக்கே புரியும். விதியை மனப்பாடம் செய்யச் சொன்னால் எட்டாம் வகுப்பிலும் புரியாது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை இலக்கணம் கற்காமலே தப்பித்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழி கிடையாது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் ஊர்த்தெருச் சிறுவன் நம் கிழவனை "நீ" என்பான். கிழவன் அவனை "நீங்க" என்பார். ஆங்கிலத்தில் கலெக்டருக்கும் "யூ", தூய்மைப் பணியாளருக்கும் "யூ". அதனாலேயே சாதி ஒழிந்துவிடாது. "யூ"வுக்குப் பின்னால் ஒரு "சார்" வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்தோம். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல் உள்ள மொழி உலகில் இருக்கிறது என்பதைச் சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்க வேண்டும்.

தமிழைக் கைவிட்டு ஆங்கிலம் படியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அயோத்திதாசர் தமிழ்ப் பண்டிதர். இரட்டைமலையார் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஆங்கிலத்தில் வாதாடியவர். இரண்டு மொழியும் நமக்கு உரியவை. தமிழ் இலக்கணத்தின் தோள்மீது நின்று ஆங்கில இலக்கணம் சொல்லித் தரத் தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளிக்கும் வேண்டும். 1891ல் இந்த மலையில் வைத்த கோரிக்கையில் இன்னும் பாக்கி நிற்பது அதுதான்.