ஸ்கேன் பண்ணினால் எண் மாறுமா? அலுவலக ஸ்கேனரை இயக்குவதும் பராமரிப்பதும் எப்படி? முழு விவரம்

அலுவலகத்தில் யாராவது ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டுடுங்க" என்று சொன்னால் அதைப் பெரிய வேலையாக யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் அது விழும். ஆனால் ஸ்கேன் முடிந்ததும் அசல் காகிதம் குடோனுக்குப் போய்விடுகிறது, அல்லது கிழித்துப் போடப்படுகிறது. அதன்பிறகு தொகை எவ்வளவு, கையெழுத்து போட்டது யார், மொத்தம் எத்தனை பக்கம் என்பதற்கெல்லாம் அந்த பிடிஎஃப் ஒன்றுதான் சாட்சி. அதில் ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தால்? ஒரு எண் மாறியிருந்தால்?

அப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்டால், நடக்கும். நடந்தும் இருக்கிறது. எப்படி என்பதைக் கீழே பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் தட்டில் கட்டாக அடுக்கினால் ஒவ்வொரு தாளாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரைப் பற்றி. ஜெராக்ஸ் மெஷினின் மேல்மூடியில் இருக்கும் பீடருக்கும் இவை பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது?

தட்டில் வைத்த கட்டிலிருந்து தாளை இழுப்பது ஒரு ரப்பர் ரோலர். அதற்கு எதிரே இன்னொரு ரோலர் இருக்கும். அதன் வேலை தடுப்பது. இரண்டு தாள் சேர்ந்து வந்தால் ஒன்றை உள்ளே விட்டு மற்றொன்றைப் பிடித்து நிறுத்தும். அப்படி உள்ளே போன தாள், ஒரு விரல் அகலம்கூட இல்லாத கண்ணாடிப் பட்டையைக் கடக்கும்போது படமாகிறது. இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் மாடல் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கண்ணாடிகள் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, சென்சார் நகர்வதில்லை; தாள்தான் நகர்கிறது. மூடியைத் திறந்து கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் பழைய வகையில் இது தலைகீழ். அங்கே தாள் சும்மா கிடக்கும், விளக்கு நகரும். இந்த வித்தியாசம் புரிந்தால் ஸ்கேனர் புகார்களில் பாதிக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம்.

மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுகிறதே, ஏன்?

கவிழ்த்து வைக்கும் கண்ணாடியில் ஒரு தூசு இருந்தால் படத்தில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். பீடரின் கண்ணாடிப் பட்டையில் அதே தூசு உட்கார்ந்தால், தாள் முழுக்க அதன்மேல் ஓடுவதால் அந்தப் புள்ளி பக்கத்தின் தலையிலிருந்து கால்வரை கோடாக நீளும். எல்லாப் பக்கத்திலும், ஒரே இடத்தில். ஆகவே கோடு விழுந்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். ஸ்கேனரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கோடு விழும் இடத்துக்கு நேராகக் கண்ணாடியைப் பாருங்கள். பெரும்பாலும் காயாத ஒயிட்னரோ, பசையோ, பேனா மையோ ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நுனியால் லேசாகத் தடவினால் தட்டுப்படும். முன்பக்கத்தில் மட்டும் கோடு என்றால் ஒரு கண்ணாடி, பின்பக்கத்தில் மட்டும் என்றால் மற்றொன்று. ஆள் பலர் ஒன்றை மட்டும் துடைத்துவிட்டு, "சுத்தம் பண்ணியும் போகலை" என்பார்கள்.

துடைப்பதற்கு எதைப் பயன்படுத்தலாம்?

நூல் உதிராத மெல்லிய துணி, அதில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அல்லது அந்தந்தக் கம்பெனி விற்கும் கிளீனர். திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஸ்கேனருக்குள் நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும். கொரோனா காலத்தில் மேசைக்கு மேசை வந்து உட்கார்ந்த சானிடைசரும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் சூத்திரப்படி செய்யும் சானிடைசரில் கிளிசரின் உண்டு, கை வறண்டு போகாமல் இருப்பதற்காக. அது கண்ணாடியில் படிந்தால் தூசு இன்னும் நன்றாக ஒட்டும்.

வாயால் ஊதுவது நம் ஊர்ப் பழக்கம். எச்சில் துளி கண்ணாடியில் காய்ந்தால் அது ஒரு புதுக் கோடு. காற்று அடிக்கும் ஸ்பிரே கேனும் தூசை வெளியே தள்ளாமல் இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

ரோலரைத் துடைக்கும்போது அதைக் கையால் மெல்லச் சுற்றியபடி முழு வட்டத்தையும் துடைக்க வேண்டும். தெரியும் பக்கத்தை மட்டும் துடைத்தால் பாதி ரோலர் வழுக்கும், பாதி பிடிக்கும். சுமார் 1,000 தாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்ல கணக்கு. பென்சிலில் எழுதிய விடைத்தாள், கார்பன் இல்லாமல் நகல் விழும் பில் புத்தகம், பளபளப்புப் பூச்சுக் காகிதம் ஆகியவை அதிகமாக ஓடும் அலுவலகமென்றால் அதற்கு முன்பே.

ரோலர் என்பது செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும். ஃபுஜிட்சு எஃப்ஐ வரிசை மாடல்கள் பலவற்றில் 2,00,000 தாள் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது கையேடு. (இந்த வரிசைதான் 2023 முதல் ரிக்கோ பெயரில் வருகிறது.) மாற்றியதும் மென்பொருளில் உள்ள எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். அதை மறந்தால் புது ரோலரைப் போட்ட பிறகும் "மாற்று, மாற்று" என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

தட்டில் வைப்பதற்கு முன்...

ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், நூல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே போகும் ஒரு பின் கண்ணாடியில் கீறல் போட்டால் அந்தக் கோட்டை எந்த ஆல்கஹாலும் அழிக்காது. பாகத்தையே மாற்ற வேண்டியதுதான். பின் எடுத்த கட்டைச் சீட்டுக்கட்டுபோல விசிறி, ஓரத்தை மேசையில் தட்டிச் சமப்படுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், அப்போது இந்த விசிறல் கூடுதலாகவே தேவை.

பழைய கிரயப் பத்திரம், மடித்த இடத்தில் விட்டுப்போன சான்றிதழ், புகைப்படம், தைத்த பதிவேடு ஆகியவற்றைப் பீடரில் விடக் கூடாது. அவற்றுக்குக் கவிழ்த்து வைக்கும் கண்ணாடிதான். நேரம் ஆகும், ஆகட்டும். தாத்தா காலத்துப் பத்திரம் ஜாமில் கிழிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அப்படியும் ஏதாவது தாள் சிக்கினால், மூடியை முழுதாகத் திறந்த பிறகே எடுங்கள். மூடிய நிலையில் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தால் தாளும் போச்சு, ரோலரும் போச்சு.

இரண்டு தாள் சேர்ந்து போய்விட்டால்?

இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பக்கம் விட்டுப் போனால் தெரியாது. 40 பக்க ஒப்பந்தத்தில் 23-ம் பக்கம் 22-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடிவிட்டால், பிடிஎஃப் அழகாகத்தான் இருக்கும்.

இதைப் பிடிக்க நல்ல ஸ்கேனர்களில் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. ஒரு பக்கமிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, தாளைத் தாண்டி வருவதை மறுபக்கம் அளக்கிறது. இரண்டு தாள் என்றால் நடுவில் மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். அதைத் தாண்டும்போது ஒலி வெகுவாகக் குறையும். உடனே மெஷின் நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், புகைப்படமோ ரெவின்யூ ஸ்டாம்போ ஒட்டிய விண்ணப்பத்தையும் அது இரண்டு தாள் என்றே நினைக்கும். நூறு விண்ணப்பத்துக்கு நூறு முறை நின்றால் எரிச்சல் வராதா? யாரோ அந்த வசதியையே அணைத்துவிடுவார்கள். மறுநாள் வேறொருவர் ஒப்பந்தத்தை ஸ்கேன் பண்ணுவார். பல அலுவலகங்களில் பக்கங்கள் காணாமல் போவது இந்த வழியாகத்தான். மொத்தமாக அணைப்பதற்குப் பதில், ஒட்டுப் படம் இருக்கும் பகுதியை மட்டும் சோதிக்காமல் விடும் அமைப்பு பல மாடல்களில் உண்டு, தேடிப் பாருங்கள்.

எந்த வசதி இருந்தாலும் தாளை எண்ணித்தான் ஆக வேண்டும். 40 தாள், இரண்டு பக்கம் என்றால் 80 படம் வர வேண்டும். வெற்றுப் பக்கத்தைத் தானே நீக்கும் வசதி ஆனில் இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அதோடு, பின்பக்கத்தில் மங்கலாக ஒரு சீல் மட்டும் இருந்தால் அதையும் வெற்றுப் பக்கம் என்று தூக்கிவிடும். முக்கியமான ஆவணம் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

எந்த செட்டிங்கில் ஸ்கேன் பண்ணலாம்?

சாதாரண ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் எடுத்தால் 2480-க்கு 3508 பிக்சல். கலரில், சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. 600 டிபிஐ-க்குப் போனால் அளவு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். சின்ன எழுத்து, வரைபடம் தவிர மற்றதற்கு அது வீண்.

கறுப்பு வெள்ளை என்று ஒரு தேர்வு இருக்கும். பைல் ரொம்பச் சின்னதாக வரும் என்பதால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு பிக்சலும் கறுப்பா வெள்ளையா என்று அடித்து முடிவு செய்யப்படுகிறது. இடைப்பட்ட நிறமே கிடையாது. மங்கலான சீல், நைந்த தட்டச்சு எல்லாம் வெள்ளையாகிவிடும். கூடவே 'புள்ளி நீக்கம்' என்று ஒரு வசதி வேறு. தூசுப் புள்ளிகளை அழிப்பதற்கு வந்தது அது. இங்கிலீஷ்காரனுக்கு அது நல்ல வசதி. தமிழுக்கு? நம் மெய்யெழுத்துக்கே புள்ளிதானே தலை! மங்கலான தட்டச்சில் 'ல்' மேலே இருக்கும் புள்ளியைத் தூசு என்று துடைத்துவிட்டால் 'கல்வி' என்பது 'கலவி' ஆகிவிடும். கல்வித்துறை கோப்பில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் யார் பதில் சொல்வது? தொகையில் உள்ள தசமப் புள்ளிக்கும் இதே கதிதான். 1.50 என்பது 150 ஆனால் சிரிக்க முடியாது. எனவே பழைய, மங்கலான தமிழ் ஆவணத்துக்கு சாம்பல் நிறம் அல்லது கலர், புள்ளி நீக்கம் ஆஃப்.

இன்னொரு பொறி, நிறத்தை விட்டுவிடும் அமைப்பு. அச்சடித்த படிவத்தின் கட்டங்களை மறைத்து, நிரப்பியதை மட்டும் எடுப்பதற்காக சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லலாம். கறுப்பு வெள்ளையிலும் சாம்பல் நிறத்திலும் இது வேலை செய்யும். அது பச்சையில் வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகள் பச்சை மையில்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்! சான்றொப்பம் மங்கிப் போகும், அல்லது காணாமலே போகும். கையெழுத்தும் சீலும் உள்ள தாளைக் கலரில் எடுத்துவிடுங்கள்.

எண்ணே மாறிய கதை

2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் மெஷினில் ஸ்கேன் செய்தபோது, 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறை 14.13 சதுர மீட்டராகி இருந்தது. பக்கத்து அறையின் 17.42-ம் 14.13 ஆனது. மங்கல் இல்லை, சிதைவு இல்லை. தெளிவான, தப்பான எண்.

காரணம், ஜேபிஐஜி2 என்ற சுருக்கும் முறை. பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளைத் தனித்தனியாகச் சேமிக்காமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். 6-ம் 8-ம் சிறிய எழுத்தில் ஒன்றுபோல் தெரிந்தால் 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். குறைந்த தரத்தில் வைத்தால்தான் இப்படி என்று முதலில் சொன்ன நிறுவனம், தரத்தைக் கூட்டினாலும் நடக்கிறது என்று கிரீசல் காட்டிய பிறகு மென்பொருளில் பிழை இருப்பதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

அந்த மெஷின் உங்களிடம் இல்லை என்றாலும் இதில் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. பைலை மிகச் சிறியதாக்கும் தேர்வை எண்கள் நிறைந்த ஆவணத்துக்குப் போடாதீர்கள். முடிந்ததும் தொகை, தேதி, சர்வே எண் மூன்றையாவது அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கேன் இருக்கிறதே என்று அசலைக் கிழிக்கவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க அதற்கான சான்றிதழ் தேவை. அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்பு வரை கேட்கப்படுகிறது.

"நேத்துவரைக்கும் போச்சு, இன்னைக்கு மெயில் போகலை"

ஸ்கேனர் மேல் வரும் புகார்களில் பாதி ஸ்கேனரைப் பற்றியதே அல்ல. கம்ப்யூட்டர் போல்டருக்கு ஸ்கேன் போகவில்லை என்றால், யாராவது விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். மெஷினுக்குள் பழைய பாஸ்வேர்டே இருக்கும். புது கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு வந்த சிக்கல் என்றால், காரணம் எஸ்எம்பி1 ஆக இருக்கலாம். பழைய மெஷின்கள் பேசும் இந்த மொழியை 2017-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே மைக்ரோசாஃப்ட் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. பாதுகாப்பு ஓட்டை உள்ள அதைத் திரும்ப ஆன் செய்வதைவிட மெஷினின் மென்பொருளைப் புதுப்பிப்பது நல்லது. ஜிமெயில் வழியே அனுப்பும் மெஷின் என்றால், சாதாரண பாஸ்வேர்டை கூகுள் இப்போது ஏற்பதில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்ட் எடுத்து மெஷினில் போட வேண்டும். இணைப்பு 25 எம்பி-யைத் தாண்டினாலும் போகாது.

பழைய மெஷினை விற்கிறீர்களா?

தனி ஸ்கேனரில் இந்தப் பிரச்னை குறைவு. ஆனால் ஸ்கேன், பிரின்ட், ஜெராக்ஸ் எல்லாம் ஒன்றாக இருக்கும் பெரிய மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. ஓட்டிய ஆவணங்களின் படம் அதில் தங்கிவிடலாம். அமெரிக்காவில் 2010-ல் சிபிஎஸ் செய்தி நிறுவனம் வாங்கிய பழைய மெஷின் ஒன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ விவரங்கள் அப்படியே இருந்தன. வாடகை முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கை யாரும் அழிக்கவில்லை. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டு, 2013-ல் அந்த நிறுவனம் 12,15,780 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

விற்பதற்கு முன், வாடகைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், நிர்வாகி மெனுவுக்குள் போய் டிஸ்க்கை அழிக்கும் தேர்வை ஓட்டுங்கள். முகவரிப் பட்டியல், சேமித்து வைத்த போல்டர் பாஸ்வேர்டு, மெயில் கணக்கு ஆகியவற்றையும் நீக்குங்கள். அந்தத் தேர்வு மெனுவில் கிடைக்கவில்லை என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு டிஸ்க்கையே கழற்றி வாங்கிக்கொள்ளலாம்.